நெய்வேலிக் காற்றும் நெஞ்சும்: ஒரு பழைய கேள்விக்குக் கிடைத்த விடைகள்

நெய்வேலியில் 1961இல் பழுப்பு நிலக்கரிப் படுகை வெளிப்பட்டது. அடுத்த ஆண்டே, சோவியத் ஒன்றியத்தின் உதவியோடு எழுந்த அனல்மின் நிலையத்தின் முதல் அலகு மின்சாரம் தந்தது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகச் சுரங்கத் தூசியும் புகைபோக்கிப் புகையும் கலந்த காற்றை மூச்சாக இழுக்கும் வட்டாரம் இது. இங்கே ஒருவருக்கு விடாத இருமலோ இளைப்போ வந்தால் காற்றின் மேல் சந்தேகம் போவது இயல்பு. மாரடைப்பு வந்தால் அப்படி இல்லை. புகைப் பழக்கம், சர்க்கரை, கொழுப்பு, மன உளைச்சல், பரம்பரை என்று காரணங்களை அடுக்குவோம். அந்தப் பட்டியலில் காற்றுக்கும் இடம் உண்டா? உண்டென்றால் அதன் பங்கு எவ்வளவு?

இந்தக் கேள்விக்கு உலகெங்கும் சொல்லப்பட்ட விடைகளை நான்காக வகுக்கலாம். தூசியின் தீங்கு நுரையீரலோடு நின்றுவிடும் என்பது முதல் விடை. நுண்துகள்கள் இதயத்தையும் ரத்தக் குழாய்களையும் நேரடியாகவே தாக்கும் என்பது இரண்டாவது. காற்றைவிட வேலையின் தன்மையே காரணம் என்பது மூன்றாவது. உடல்வாகும் பழக்கவழக்கமும்தான் தீர்மானிக்கின்றன என்பது நான்காவது. ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் உண்டு, ஓட்டையும் உண்டு. அவற்றை எடைபோட, இதயமும் பெருங்குழாய்களும் இயங்கும் விதத்திலிருந்து தொடங்க வேண்டும்.

நுரையீரல் வழியைக் கண்டுபிடித்த கதை

இதயம் பற்றிய அறிவின் வரலாற்றில் பெரும்பகுதி, நுரையீரலுக்கும் இதயத்துக்கும் உள்ள உறவைத் தேடிய வரலாறுதான். கி.பி. இரண்டாம் நூற்றாண்டு கிரேக்க மருத்துவர் காலன், ரத்தம் கல்லீரலில் உருவாகி உறுப்புகளில் செலவாகிவிடுகிறது என்றார். இதயத்தின் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு நடுச்சுவரில் உள்ள கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியே அது கசிவதாகவும் கருதினார். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் இக்கருத்து மேற்கில் நிலைத்தது. நம் சித்த மருத்துவம் வேறு திசையில் சென்றது. மணிக்கட்டில் விரல் வைத்து வாதம், பித்தம், கபம் ஆகியவற்றின் நடையை நாடித் துடிப்பிலிருந்து அறிய முயன்றது. துடிப்பின் வேகத்தையும் ஒழுங்கையும் நோய்க்குறியாகப் படிக்கும் நுட்பம் அதில் வளர்ந்தது. ரத்தம் சுற்றி வரும் பாதையை வரைவது அதன் நோக்கமாக இருக்கவில்லை.

டமாஸ்கஸில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல்-நஃபீஸ் 13ஆம் நூற்றாண்டில் காலனை மறுத்தார். நடுச்சுவரில் துளை இல்லை, வலப்பக்க ரத்தம் நுரையீரல் வழியாகத்தான் இடப்பக்கத்தை அடைய முடியும் என்று எழுதினார். அவருடைய கையெழுத்துப் பிரதி 1924இல் பெர்லின் நூலகத்தில் ஓர் எகிப்திய மருத்துவரின் கண்ணில் பட்ட பிறகே இது பரவலாகத் தெரிய வந்தது. 1628இல் வில்லியம் ஹார்வி கணக்குப் போட்டுக் காட்டினார்: அரை மணி நேரத்தில் இதயம் தள்ளும் ரத்தம் உடலில் உள்ள மொத்த ரத்தத்தைவிட அதிகம், ஆகவே அதே ரத்தம்தான் சுற்றி வர வேண்டும். தமனியிலிருந்து சிரைக்கு அது எப்படி மாறுகிறது என்பதை மட்டும் அவரால் காட்ட முடியவில்லை. ஹார்வி இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1661இல், மார்செல்லோ மல்பீகி அந்த இடைவெளியை நிரப்பினார். தந்துகிகளை அவர் உருப்பெருக்கியில் கண்டது தவளையின் நுரையீரலில்.

ஒரு சுற்று, இரண்டு அழுத்தங்கள்

ஒரு சிவப்பணுவைப் பின்தொடர்ந்தால் இந்தப் பாதையின் பொருள் விளங்கும். நுரையீரல் காற்றுப்பையை ஒட்டிய தந்துகியில் அது ஏறக்குறைய முக்கால் நொடி இருக்கிறது. மூச்சுக் காற்றுக்கும் அதற்கும் நடுவே உள்ள தடுப்பு ஒரு மைக்ரான் தடிமன்கூட இல்லை. அங்கிருந்து நுரையீரல் சிரை வழியாக இடது மேலறை, ஈரிதழ் வால்வு, இடது கீழறை. கீழறை சுருங்கும்போது சுமார் 70 மில்லி ரத்தம் பெருந்தமனிக்குள் பாய்கிறது. பெருந்தமனி வால்வின் இதழ்களுக்குச் சற்று மேலேயே இரண்டு சிறு வாய்கள் உள்ளன. இதயத் தசைக்கே ரத்தம் தரும் கரோனரி தமனிகள் அங்குதான் பிரிகின்றன. ஆக, நுரையீரலைத் தொட்டு வரும் ரத்தத்தை உடலில் முதலில் பெறுவது இதயத் தசை. மூளை, சிறுநீரகம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஓய்வில் இருக்கும் ஒருவரின் இதயம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தத்தைத் தள்ளுகிறது, நாளொன்றுக்குச் சுமார் ஒரு லட்சம் முறை துடிக்கிறது. இடது கீழறை உருவாக்கும் அழுத்தம் 120 மில்லிமீட்டர் பாதரச அளவு. அதே அளவு ரத்தத்தை நுரையீரலுக்கு அனுப்பும் வலது கீழறைக்கு 25 போதும்; அதனால்தான் அதன் சுவர் மெல்லியது. பெருந்தமனி ஒவ்வொரு துடிப்பிலும் விரிந்து, துடிப்புக்கு இடையில் சுருங்கி, விட்டுவிட்டு வரும் ரத்தத்தைத் தொடர் ஓட்டமாக்குகிறது. அது விறைத்துப்போனால் மேல் அழுத்தம் ஏறும், கீழ் அழுத்தம் இறங்கும், இதயத்துக்குச் சுமை கூடும்.

இன்னும் இரண்டு விவரங்கள் பின்னால் தேவைப்படும். இடது கீழறைத் தசை தனக்கான ரத்தத்தைப் பெரும்பாலும் பெறுவது, அது சுருங்காமல் தளர்ந்திருக்கும் நேரத்தில். இதயம் வேகமாகத் துடித்தால் அந்தத் தளர்வு நேரம்தான் குறைகிறது. மற்றொன்று, ரத்தக் குழாயின் உட்சுவர் வெறும் பூச்சு அல்ல. குழாயைத் தளர்த்தும் பொருள் அங்கிருந்து சுரக்கிறது என்று ராபர்ட் ஃபர்ச்காட் 1980இல் காட்டினார். அது நைட்ரிக் ஆக்சைடு என்று பிறகு தெரிந்தது. 1998இன் நோபல் பரிசு இந்த ஆய்வுகளுக்குக் கிடைத்தது.

இரு பக்கங்களும் ஒரே சுற்றில் இருப்பதால் ஒன்றின் கோளாறு மற்றதில் தெரியும். நெய்வேலிச் சுரங்கங்களில் நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நீரை இரவு பகலாக இறைக்கிறார்கள். இறைப்பது நின்றால் சுரங்கத் தளத்துக்கே ஆபத்து. அதுபோல, இடது கீழறை தளர்ந்தால் அழுத்தம் பின்னோக்கி ஏறி நுரையீரலில் நீர் கோத்துக்கொள்கிறது. மருத்துவமனைக்கு மூச்சுத்திணறலோடு வரும் சிலரின் உண்மையான நோய் இதயத்தில் இருப்பதற்கு இதுவே காரணம்.

முதல் விடை: தூசியின் தீங்கு நுரையீரலோடு சரி

நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் நோய் என்று மருத்துவம் முதலில் அடையாளம் கண்டது தூசி படிந்த நுரையீரலை. இதயம் இதில் இரண்டாம் கட்டத்தில்தான் வந்தது. நுரையீரல் தழும்பேறித் தந்துகிகள் அழிந்தால், 25 அளவு அழுத்தத்துக்குப் பழகிய வலது கீழறை அதைவிடக் கூடுதலாக முயல வேண்டியிருக்கும். நாளடைவில் அது வீங்கித் தளரும். இது உறுதியான அறிவு. இதில் இதயம் நுரையீரல் நோயின் பக்கவிளைவாக மட்டுமே வருகிறது. மாரடைப்புக்கு இதில் இடமில்லை.

இவ்விடைக்கு வலுச்சேர்த்தவை பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் நடந்த பழைய ஆய்வுகள். சுரங்கத் தொழிலாளரிடையே மாரடைப்பு மரணம் பொதுமக்களைவிட அதிகமில்லை, சில ஆய்வுகளில் குறைவு என்றே அவை காட்டின. இந்த ஒப்பீட்டில் ஒரு பிழை ஒளிந்திருந்தது. கடும் உடலுழைப்புக்கு வேலைக்கு எடுக்கும்போதே திடமானவர்களைத்தான் எடுக்கிறார்கள், முடியாமல் போனவர்கள் இடையிலேயே விலகிவிடுகிறார்கள். நோயாளிகளும் முதியவர்களும் அடங்கிய பொதுமக்களோடு இவர்களை ஒப்பிட்டால் தூசி தீங்கற்றதாகத்தான் தெரியும்.

தொழிலாளர்களையே, குறைந்த தூசி பட்டவர் மிகுந்த தூசி பட்டவர் என்று தமக்குள் ஒப்பிட்டபோது விடை மாறியது. 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, சுவாசித்த தூசியின் அளவு கூடக்கூட மாரடைப்பு மரணமும் கூடியதைக் கண்டது. தரம் உயர்ந்த நிலக்கரியின் தூசியில் இந்த உறவு வலுவாக இருந்தது. நெய்வேலியில் வெட்டப்படுவது நிலக்கரி வகைகளில் தரம் தாழ்ந்த, பாதி எடை ஈரமாகவே உள்ள லிக்னைட். சுரங்கமும் நிலத்தடிச் சுரங்கம் அல்ல, திறந்தவெளி. எனவே அந்த அமெரிக்க எண்களை அப்படியே இங்கே பொருத்த முடியாது. கவலையில்லை என்றும் அதிலிருந்து முடிவு கட்டிவிட முடியாது.

இரண்டாம் விடை: நுண்துகள் இதயத்தையே தாக்கும்

1952 டிசம்பரில் லண்டனைச் சூழ்ந்த நிலக்கரிப் புகைமூட்டம் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. அது நுரையீரல் மரணம் என்றே பெரிதும் நினைவில் நின்றது. 1993இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் ஆறு அமெரிக்க நகரங்களை ஒப்பிட்ட பிறகு பார்வை மாறியது. 2.5 மைக்ரானுக்குக் குறைந்த துகள்கள் மிகுந்த நகரங்களில் மரண விகிதம் கூடியிருந்தது. அதில் இதயம், நுரையீரல் சார்ந்த மரணங்கள் முன்னே நின்றன. 2004இலும் 2010இலும் அமெரிக்க இதயக் கழகம் சான்றுகளைத் தொகுத்தது. நுண்துகளுக்கும் இதய நோய்க்கும் உள்ளது காரண உறவே என்ற நிலைக்கு அது இரண்டாம் அறிக்கையில் வந்தது.

எப்படித் தாக்குகிறது என்பதற்கு மூன்று வழிகள் முன்வைக்கப்படுகின்றன. முதலாவது, காற்றுப்பையில் எழும் அழற்சி ரத்தத்தில் பரவி அதை எளிதில் உறையச் செய்வது. ஆந்தனி சீட்டன் 1995இல் முன்வைத்த கருதுகோள் இது. இரண்டாவது, மூச்சுக்குழாயின் நரம்புகள் தூண்டப்பட்டு இதயத் துடிப்பின் ஒழுங்கும் ரத்த அழுத்தமும் மாறுவது. மூன்றாவது, மிகச் சிறிய துகள்கள் தடுப்பைத் தாண்டி ரத்தத்திலேயே கலப்பது.

மூன்றாவது வழி நெடுநாள் சர்ச்சைக்குள்ளானது. 2002இல் பெல்ஜிய ஆய்வு, கதிரியக்கக் குறியிட்ட கார்பன் துகள்கள் விரைவிலேயே ரத்தத்துக்கு வந்ததாகச் சொன்னது. 2006இல் எடின்பரோ குழு அதே வகைச் சோதனையைச் செய்து, துகள்கள் நுரையீரலிலேயே தங்கின என்றது. கண்டது துகளையா, துகளிலிருந்து பிரிந்த குறியீட்டையா என்பதே வழக்கு. 2017இல் எடின்பரோ ஆய்வாளர்கள் தங்க நுண்துகளைப் பயன்படுத்தினார்கள். தொண்டர்கள் மூச்சில் இழுத்த தங்கம் ரத்தத்திலும் சிறுநீரிலும் தென்பட்டது. கழுத்துத் தமனியில் கொழுப்புப் படிந்து அறுவை செய்துகொண்டவர்களின் படிவிலும் அது இருந்தது. பாதை திறந்திருக்கிறது என்பதை இது காட்டுகிறது. அன்றாடப் புகையில் எத்தனை துகள் அப்படிக் கடக்கின்றன என்பதை இது சொல்லவில்லை.

நிலக்கரிப் புகை மற்றப் புகைகளைவிடக் கொடியதா? 2016இல் வந்த அமெரிக்க ஆய்வு, நிலக்கரி எரிப்பால் வரும் துகளுக்கும் இதயத் தமனி நோய் மரணத்துக்கும் உள்ள உறவு, பொதுவான நுண்துகளைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு வலுவானது என்றது. 2023இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு, முதியோரின் மொத்த மரணங்களை வைத்து 2.1 மடங்கு என்றது. இரண்டும் பெரும்பாலும் லிக்னைட் அல்லாத நிலக்கரியை எரித்த நாட்டின் தரவுகள்.

புகையை நிறுத்தினால் நோய் குறைகிறதா என்பது இன்னும் கடினமான சோதனை. 1990இல் டப்ளினில் நிலக்கரி விற்பனை தடை செய்யப்பட்ட பின் இதய, ரத்தக் குழாய் மரணங்கள் பத்து சதவீதம் குறைந்ததாக 2002இல் எழுதினார்கள். 2013இன் மறுஆய்வு, தடை இல்லாத அயர்லாந்துப் பகுதிகளிலும் அதே காலத்தில் இதய மரணங்கள் குறைந்து வந்ததைச் சுட்டியது. நுரையீரல் மரணக் குறைவு மட்டுமே நிலைத்தது. மாறாக, 2016இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் அருகே, நிலக்கரியிலிருந்து கோக் தயாரிக்கும் ஆலை மூடப்பட்டதும், சுற்றுவட்டாரத்தில் இதய நோய்க்காக அவசரப் பிரிவுக்கு வந்தோர் உடனடியாக 42 சதவீதம் குறைந்ததாக 2023இல் ஓர் ஆய்வு காட்டியது. இரண்டாம் விடை வலுவானது. அதன் அளவு இடத்துக்கு இடம் மாறுகிறது.

மூன்றாம் விடை: வேலைதான் காரணம்

சுரங்கமும் மின்நிலையமும் இருபத்துநாலு மணி நேரமும் ஓடுபவை. நைட் ஷிப்ட், கொதிகலன் அருகே வெக்கை, கத்திரி வெயிலில் திறந்தவெளி வேலை எல்லாம் இதயத்தின் மேல் தனிச் சுமைகள். கடும் வெப்பத்தில் தோலுக்குப் போகும் ரத்தம் நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் வரை உயரக்கூடும். ஓய்வில் இதயம் தள்ளும் மொத்த ரத்தத்தைவிட இது அதிகம். வியர்வையால் ரத்தத்தின் கன அளவும் குறைகிறது. இதயம் வேகமாகத் துடித்து ஈடுகட்டுகிறது. அப்போது தசைக்கு ரத்தம் கிடைக்கும் தளர்வு நேரம் சுருங்குகிறது. கரோனரி தமனியில் ஏற்கெனவே அடைப்பு உள்ளவருக்கு இது ஆபத்தான கணக்கு.

ஷிப்ட் வேலை பற்றிய முன்னோடி ஆய்வு, ஸ்வீடனில் காகித ஆலைத் தொழிலாளர் 504 பேரை 15 ஆண்டுகள் தொடர்ந்து, 1986இல் வெளியானது. ஷிப்ட் வேலை ஆண்டுகள் கூடக்கூட இதயத் தமனி நோயும் கூடியது. இருபது ஆண்டைத் தாண்டியவர்களிடம் மட்டும் அது குறைந்து தெரிந்தது. தாங்கியவர்கள் மட்டுமே அதுவரை நிலைத்திருக்கலாம். 2012இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஷிப்ட் வேலை செய்வோருக்கு மாரடைப்பு 23 சதவீதம் கூடுதல் என்று தெரிந்தது.

இந்த வகை ஆய்வுகளின் பலவீனத்தை லண்டன் பேருந்து ஆய்வு நன்றாகக் காட்டுகிறது. உட்கார்ந்தே இருக்கும் ஓட்டுநருக்கு, மாடி ஏறி இறங்கும் நடத்துநரைவிட இதய நோய் அதிகம் என்று ஜெர்ரி மாரிஸ் 1953இல் கண்டார். பிறகு அவரே சீருடை அளவுகளை ஆராய்ந்தபோது, ஓட்டுநர்கள் வேலைக்குச் சேரும்போதே இடுப்பு பெருத்தவர்கள் என்பது வெளிப்பட்டது. வேலை மனிதரை மாற்றுகிறதா, மனிதர்கள்தான் வேலையைத் தேர்கிறார்களா என்ற சிக்கல் ஒவ்வொரு தொழில் ஆய்விலும் உண்டு.

நான்காம் விடை: உடல்வாகும் பழக்கமும்

52 நாடுகளை உள்ளடக்கி 2004இல் வந்த இன்டர்ஹார்ட் ஆய்வு, கொழுப்பு, புகைப் பழக்கம், ரத்த அழுத்தம், சர்க்கரை, வயிற்றுப் பருமன் உள்ளிட்ட ஒன்பது காரணிகளே முதல் மாரடைப்பின் ஆபத்தில் சுமார் 90 சதவீதத்துக்குக் கணக்குச் சொல்கின்றன என்றது. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு 53 வயதளவிலேயே வருகிறது, மற்றவர்களுக்கு 59இல் என்று 2007இல் அதே ஆய்வு விவரித்தது. 2009இல் மதுரை ஆய்வாளர்களும் பங்கேற்ற பணியொன்று, இதயத் தசைப் புரதத்துக்கான மரபணு ஒன்றில் தெற்காசியரில் ஏறக்குறைய 4 சதவீதம் பேரிடம் ஒரு சிறு பகுதி இல்லை என்றும், அது இதயத் தசைத் தளர்ச்சியோடு தொடர்புடையது என்றும் காட்டியது.

90 சதவீதம் இதிலேயே முடிந்தால் காற்றுக்கு 10தான் மிச்சம் என்று எண்ணத் தோன்றும். அந்தக் கணக்கு சரியல்ல. ரத்த அழுத்தம் பட்டியலில் ஒரு காரணி. புகை ரத்த அழுத்தத்தை உயர்த்தினால் அதன் தீங்கு அழுத்தத்தின் பெயரிலேயே பதிவாகும். இன்டர்ஹார்ட் காற்றை அளக்கவும் இல்லை. பின்னால் சென்னையும் இடம்பெற்ற, 21 நாடுகளின் ‘ப்யூர்’ ஆய்வு அதை அளந்தது. நுண்துகள் கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடும்போது இதய, ரத்தக் குழாய் நோய் 5 சதவீதம் கூடியதை அது கண்டது.

நெய்வேலியில் எது பொருந்தும்

நெய்வேலியில் காற்று ஒரே வகைப்பட்டதல்ல. மண்வாரிச் சக்கரமும் கன்வேயர் பெல்ட்டும் எழுப்புவது பெரும்பாலும் பெருந்துகள். மூக்கிலும் மேல் மூச்சுக்குழாயிலும் படிந்துவிடும். புகைபோக்கிச் சாம்பலில் பெரும்பகுதியை நிலைமின் வடிகட்டிகள் பிடித்துவிடுகின்றன, மிக நுண்ணிய துகள்களைப் பிடிப்பதில் அவை பலவீனமானவை. கந்தக டையாக்சைடு வாயுவாகத் தப்பிப் போய், தொலைவில் நுண்துகளாக மாறுகிறது. கண்ணுக்குத் தெரியும் தூசியை வைத்து இதயத்துக்கான ஆபத்தை அளக்க முடியாது என்பது இதன் பொருள். கந்தகத்தைக் கட்டுப்படுத்த 2015இல் வந்த மத்திய அரசு விதிகளின் கெடு பலமுறை தள்ளிப்போய், 2025இல் பெரும்பாலான நிலையங்களுக்குத் தளர்த்தப்பட்டது.

மூச்சிழுக்கும் மனிதர்களும் ஒரே வகையல்ல. சுரங்கத்தையும் மின்நிலையத்தையும் நடத்தும் நிறுவனத்தின் டவுன்ஷிப்பில் வாழும் நிரந்தரப் பணியாளருக்குப் பணிச்சேர்க்கையில் உடல் தகுதிச் சோதனையும் நிறுவன மருத்துவமனையும் உண்டு. ஒப்பந்தத் தொழிலாளர்களும் சுற்றுவட்டார ஊர்க்காரர்களும் வேறு நிலையில் வாழ்பவர்கள். நிரந்தரப் பணியாளரின் மருத்துவப் பதிவேட்டை மட்டும் புரட்டினால், முதல் விடையில் கண்ட அதே பிழை மீண்டும் வரும். வீட்டில் விறகடுப்புப் புகை இருந்தால் அதையும் பிரித்தறிய வேண்டும். விழுப்புரம், நாகப்பட்டினம் பக்கத்தில் கர்ப்பிணிகளுக்குக் கேஸ் அடுப்பு கொடுத்து நடந்த சோதனையில் புகை வெகுவாகக் குறைந்தும் ரத்த அழுத்தம் குறையவில்லை. சில மாதக் குறைவு குழாய்ச் சுவரை மாற்றப் போதாது என்பது ஒரு விளக்கம்.

பழைய 600 மெகாவாட் முதல் அனல்மின் நிலையம் 2020இல் மூடப்பட்டது டப்ளின், பிட்ஸ்பர்க் போன்ற இயற்கைச் சோதனையாக இருந்திருக்கலாம். அதே காலத்தில் 1000 மெகாவாட் புதிய நிலையம் ஓடத் தொடங்கியது. கொரோனா மருத்துவமனை வருகையையே தலைகீழாக்கியது. முன்பின் ஒப்பீடு இங்கே எளிதல்ல.

மதிப்பீடு

சான்றுகளை ஒருசேரப் பார்த்தால் முதல் விடை தனியே நிற்கவில்லை. நுரையீரல் ரத்தம் நேராக இதயத் தசைக்குப் போகும் உடலமைப்பும், முப்பது ஆண்டு ஆய்வுகளும் அதற்கு எதிராக உள்ளன. நுண்துகள் இதய நோயைக் கூட்டுகிறது என்பதை ஏற்கலாம். வெப்பமும் ஷிப்டும் அதோடு போட்டியிடும் காரணங்கள் அல்ல. ஒரே கரோனரி தமனியில் சேர்ந்து விழும் சுமைகள். பழக்கமும் பரம்பரையும் யாரை இவை முதலில் வீழ்த்தும் என்பதைத் தீர்மானிக்கலாம்.

திறந்திருக்கும் கேள்விகள் மூன்று. லிக்னைட் புகையின் நுண்துகள் மற்ற நிலக்கரிப் புகைக்கு ஒப்பானதா என்பது ஒன்று. அளவுக்கும் தீங்குக்கும் உள்ள உறவின் வடிவம் இரண்டாவது. குறைந்த அளவில் ஆபத்து வேகமாக ஏறி, உயர்ந்த அளவில் தட்டையாவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. அது உண்மையானால், கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராம் என்ற இந்திய வரம்புக்குள் வந்ததோடு நிற்பதில் பலன் குறைவு. உலக சுகாதார அமைப்பின் 5ஐ நோக்கிப் போகும்போதுதான் பலன் பெருகும். வெப்பமும் துகளும் சேரும்போது இரண்டின் தீங்கும் கூட்டலாகச் சேர்கிறதா, பெருக்கலாகவா என்பது மூன்றாவது. இந்தியாவில் அதற்கான அளவீடுகள் இப்போதுதான் சேர்கின்றன.

இவற்றுக்கு விடை காண, நிரந்தர ஊழியர், ஒப்பந்தத் தொழிலாளர், சுற்றுவட்டார ஊர்மக்கள் மூவரையும் ஒரே அளவுகோலில் பல ஆண்டுகள் தொடரும் ஆய்வு வேண்டும். அதன் முடிவு வரும்வரை நடவடிக்கை காத்திருக்கத் தேவையில்லை. ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் வீடு தேடிச் சென்று பார்க்கும் மக்களைத் தேடி மருத்துவம் 2021 முதல் நடக்கிறது. மாரடைப்பு அறிகுறியோடு வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மருந்துகளைத் தரும் இதயம் காப்போம் திட்டம் 2023 முதல் உள்ளது. புகையின் பங்கு எவ்வளவாக இருந்தாலும் இவை பயன் தரும். புகைபோக்கியில் கந்தகத்தைக் குறைப்பதும், வெயில் உச்சத்தில் வேலையை மாற்றியமைப்பதும், ஷிப்ட் சுழற்சியைச் சீராக்குவதும் தொழிலாளியின் கையில் இல்லை. அவை நிறுவனமும் அரசும் எடுக்க வேண்டிய முடிவுகள். அளவு பற்றிய விவாதம் நீடிக்கலாம். திசை பற்றிய விவாதத்துக்கு இன்றைய சான்றுகள் அதிக இடம் தரவில்லை.